கொழும்பில் ஒழுங்காக இருந்த கொயில் மலைக்கு வந்ததும் ஏன் கருகுகிறது?

தலவாக்கலைத் தம்பி ஒருவர் கேட்டதன் சுருக்கம் இது. கொழும்பில் வேலை. சிகரெட்டை விட்டு இலத்திரனியல் சிகரெட்டுக்கு மாறியிருக்கிறார். அதில் ஜூஸை, அதாவது நிக்கொட்டின் திரவத்தை, சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்தான் கொயில். கடைக் கொயில் விலை கட்டுப்படியாகவில்லை என்று, தானே கம்பி சுற்றிப் போடும் ஆர்டிஏ டேங்க் ஒன்றை எடுத்தார். கொழும்பு அறையில் நன்றாக வேலை செய்யும் அதே கொயில், லீவுக்கு வீட்டுக்கு வந்தால் கருகல் வாடை அடிக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பை முழுக்க ஜூஸ். கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: கம்பி முடிந்தால் ஹொட் பிளேட் கொயிலில் ஒரு துண்டு வெட்டிப் போடலாமா? பழைய லெப்டொப் பெட்டரியைப் பிரித்து அதிலுள்ள செல்லைப் போடலாமா?

துணைக் கேள்விகள் இரண்டுக்கும் என் பதில் ‘வேண்டாம்’. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதல் கேள்விக்கு வருவோம். தம்பி அனுப்பிய விவரத்தைப் பார்த்தால் கம்பி சுற்றியதில் குறை தெரியவில்லை. ஜூஸை உறிஞ்சிக் கொயிலுக்குக் கொடுக்கும் பஞ்சைப் போட்ட விதம் கொழும்பு வெயிலுக்குப் பொருந்துகிறது, நம் குளிருக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். கொயில் கட்டுவது என்றால் எல்லோரும் கம்பியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் ஹட்டனில் ஹீட்டர், கேத்தல், ரைஸ் குக்கர் திருத்திப் பிழைக்கிறவன். சூடாகும் கம்பியைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், இதில் கம்பிதான் லேசான பகுதி. வாயில் வரும் ருசியைத் தீர்மானிப்பது பஞ்சு. உங்கள் தொடையில் தீக்காயம் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது பெட்டரி.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்க முடியாது. 2016 இல் வந்த ஒழுங்குவிதிகள் புகையிலை கலந்த இலத்திரனியல் சிகரெட்டுகளின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாவற்றையும் தடுத்தன. கையில் இருப்பதைப் பத்திரமாகப் பாவிப்பது பற்றித்தான் இந்தப் பதில். எங்கே வாங்கலாம் என்று என்னிடம் கேட்க வேண்டாம். சிகரெட்டே பிடிக்காத பிள்ளைகள் யாராவது ஆசைக்காக இதை வாசித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிக்கொட்டின் பிடித்தால் லேசில் விடாது, அதைச் சிகரெட்டில் எடுத்தாலும் சரி, இதில் எடுத்தாலும் சரி.

இனி குளிர். ஜூஸில் பெரும்பகுதி இரண்டே திரவங்கள்: புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின். பிஜி, விஜி என்று போத்தலில் போட்டிருப்பது இவற்றைத்தான். பிஜி இளக்கமானது. விஜி பாகு மாதிரி கெட்டியானது, புகை நிறைய வருவது இதனால்தான். இந்த விஜி குளிருக்கு எப்படி மாறும் என்று பாருங்கள். தூய கிளிசரினின் பிசுக்குத்தன்மை 30 பாகையில் ஏறக்குறைய 600 சென்டிபொயிஸ், 20 பாகையில் 1400, 10 பாகையில் 3900. தண்ணீருக்கு இது வெறும் 1 தான். கொழும்புப் பகலுக்கும் நுவரெலியாவின் விடியற்காலைக்கும் இடையில் அதே போத்தலில் உள்ள அதே கிளிசரின் ஆறு மடங்கு தடித்துவிடுகிறது. பிஜி கலந்திருப்பதால் உங்கள் ஜூஸில் மாற்றம் இந்தளவு கடுமையாக இராது. ஆனாலும் போக்கு இதேதான். 70 சதவீதம் விஜி உள்ள ஜூஸை தை மாதத்துக் காலையில் டேங்க்கில் ஊற்றிப் பாருங்கள், போத்தல் வாயிலேயே நூல் பிடித்து இறங்கும்.

கொயில் ஒரு இழுப்பில் தன்னைச் சுற்றியுள்ள ஜூஸை ஒன்றிரண்டு விநாடிக்குள் ஆவியாக்கிவிடும். அடுத்த இழுப்புக்கு முன்னால் பஞ்சு அந்த இடத்தை மறுபடி நனைக்க வேண்டும். ஜூஸ் இருக்கும்வரை கம்பியின் சூடு அதன் கொதிநிலைப் பக்கமே நிற்கும். பிஜிக்கு அது 188 பாகை, விஜிக்கு 290. ஜூஸ் வந்து சேராவிட்டால் சூட்டுக்குத் தடை இல்லை, கம்பி ஏறிக்கொண்டே போகும், பஞ்சு கருகும். தொண்டையைப் பிடிக்கும் அந்தக் காரமான வாடை வெறும் பஞ்சு வாடை மட்டுமல்ல. மிதமிஞ்சிச் சூடான கிளிசரினில் இருந்து அக்ரோலீன் வரும், கூடவே ஃபோர்மல்டிஹைட்டும் வரும். ‘பரவாயில்லை, இரண்டு இழுப்பில் சரியாகிவிடும்’ என்று இழுக்கக் கூடாது. கருகிய பஞ்சு திரும்ப நல்ல பஞ்சாகாது. கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

குப்பி லாம்பு பற்ற வைத்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. திரியை முடுக்கித் திணித்தால் எண்ணெய் ஏறாது, திரியே எரிந்து போகும். தளர விட்டால் எண்ணெய் வழியும். கொயிலிலும் அதே கதைதான். கொழும்பில் கொஞ்சம் இறுக்கமாகப் போட்ட பஞ்சு கூட இளகிய ஜூஸை எப்படியோ இழுத்துக்கொள்ளும். மலையில் அந்தச் சலுகை கிடையாது.

எப்படிப் போடுவது என்றால், பஞ்சுத் துண்டில் மேலும் கீழும் தட்டையாக அழுத்தப்பட்டிருக்கும் தோலை மெல்ல உரித்து எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் இழைகள் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒரு நுனியை விரலால் முறுக்கி ஊசி மாதிரி ஆக்கி, கொயிலுக்குள் நுழைத்து, மறுபக்கம் இழுங்கள். இழுக்கும்போது லேசான பிடிப்பு இருக்க வேண்டும். கொயில் பஞ்சோடு சேர்ந்து சாய்ந்தால் பஞ்சு அதிகம். வழுக்கிக்கொண்டு வந்தால் குறைவு, அப்படியானால் கொயிலின் உட்பக்கம் கம்பி பஞ்சைத் தொடாத இடங்கள் கருகும். பிறகு இருபக்கமும் வால்களைச் சரிவாக வெட்டி, ஒரு குண்டூசியால் தலை வாருவது போல் வாருங்கள். நிறைய இழை உதிரும். உதிரட்டும். மலைக்கு இதைக் கொஞ்சம் தாராளமாகவே செய்ய வேண்டும். கொயிலுக்குள் இருக்கும் அளவில் கை வைக்காமல், வால்களை மட்டும் மூன்றில் ஒரு பங்கு மெலிய விடுங்கள். வால் நுனி ஜூஸ் வரும் பள்ளத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் போதும், அதற்குள் திணித்து அடைக்க வேண்டாம். மூடியைப் போடுவதற்கு முன்னால் பஞ்சின் மேல் ஜூஸை விட்டு முழுதாக ஊற வைத்து, டேங்க்கை நிரப்பியபின் பத்து நிமிடமாவது சும்மா வையுங்கள். குளிர் கடுமையென்றால் இன்னும் கூட வைக்கலாம்.

ஜூஸையும் மாற்றலாம். ஊரில் இருக்கும் நாட்களுக்குப் பாதி பிஜி, பாதி விஜி உள்ளதை வைத்துக்கொள்வது நல்லது. புகை கொஞ்சம் குறையும், கருகல் நிற்கும். காலையில் ஜன்னல் ஓரத்தில் விறைத்துக் கிடந்த டேங்க்கை எடுத்த எடுப்பில் 30 வொட்டில் இழுக்காமல், கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்துவிட்டு, வொட்டைக் குறைத்துத் தொடங்குங்கள். இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையில் நேரம் விடுங்கள். தொடர்ந்து இழுக்கும் பழக்கத்துக்கு மலைக் குளிர் ஒத்துவராது.

பஞ்சு எது என்றும் சிலர் கேட்பதுண்டு. வெளுக்காத சுத்தப் பருத்தி, அதுதான் சரி. பார்மசியில் விற்கும் உறிஞ்சும் பஞ்சும் பருத்திதான் என்றாலும் வெளுத்தது. அதைச் சுடுதண்ணீரில் கொதிக்க வைத்து அலசிக் காய வைத்தால் அவசரத்துக்கு உதவும். தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சைத் தொடவே வேண்டாம், அதன் இழையில் மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீர்த் தன்மையுள்ள எதையும் உள்ளே விடாது. முகம் துடைக்கும் பஞ்சு உருண்டைகள் சில பொலியெஸ்டர், அவை உருகிவிடும். சாமி விளக்குத் திரியிலும் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது.

பஸ்ஸில் ஜூஸ் வழிவதற்குக் காரணம் உயரம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1013 ஹெக்டோபஸ்கால். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே அது 810 ஐச் சுற்றி நிற்கும். டேங்க்கின் மேல் பகுதியில் அடைபட்டிருக்கும் காற்று, பஸ் மலை ஏற ஏற விரியும். நுவரெலியா போய்ச் சேரும்போது கால் பங்கு பெருத்திருக்கும், தலவாக்கலைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. வழியில் வாங்கிய சிப்ஸ் பக்கெட் கினிகத்தேனை தாண்டியதும் உப்பி நிற்பதும் இதனால்தான். பக்கெட்டில் ஓட்டை இல்லை, டேங்க்கில் இருக்கிறது. விரிந்த காற்று ஜூஸைத் தள்ளும், ஜூஸ் பஞ்சு வழியாகக் கொயில் அறைக்கு வந்து காற்றுத் துவாரத்தால் வெளியேறும். ஆகவே பாதி நிரம்பிய டேங்க்கோடு பஸ் ஏறுவதுதான் மோசமான வழி. காலி செய்துவிட்டு ஏறுங்கள். மனம் வராவிட்டால் விளிம்புவரை நிரப்பிவிடுங்கள், உள்ளே காற்று இல்லாவிட்டால் விரிவதற்கும் ஒன்றுமில்லை. ஜூஸ் வழியை மூடும் வசதி இருந்தால் மூடி, தலைகீழாக வைத்துக் கொண்டுவாருங்கள். கொழும்புக்கு இறங்கும்போது இந்தத் தொல்லை இராது.

சரி, கம்பி. பெரும்பாலானவர்கள் பாவிப்பது காந்தல் ஏ1, அதாவது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை. உலைகளுக்கும் ஹீட்டர்களுக்கும் போடும் அதே சரக்கு. அடுத்தது நிக்ரோம் 80, அதில் 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். சீக்கிரம் சூடேறும், ஆனால் நிக்கல் தோலுக்கு ஒத்துவராதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சாதாரண முறையிலும் ஓட்டலாம், வெப்பக் கட்டுப்பாட்டு முறையிலும் ஓட்டலாம். தூய நிக்கலும் டைட்டேனியமும் வெப்பக் கட்டுப்பாட்டுக்கு மட்டும்தான். அவற்றைச் சிவக்கச் சிவக்க எரித்துப் பார்க்கக் கூடாது. புதிதாகத் தொடங்குகிறவர் காந்தலோடு நின்றுகொண்டால் போதும்.

26 கேஜ் (0.4 மி.மீ. பருமன்) காந்தல், 3 மி.மீ. துளைபொறி அலகு ஒன்று, இவை இருந்தால் வேலை தொடங்கலாம். 12 செ.மீ. துண்டு வெட்டி, அலகின் மேல் விறைப்பாக ஆறு சுற்றுச் சுற்றுங்கள். சுற்றும்போது தளர விட்டால் கொயில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அலகோடு சேர்த்தே டெக்கில், அதாவது டேங்க்குக்குள் கொயிலை மாட்டும் தளத்தில், வைத்து, கால்களைத் திருகாணிக்குக் கீழே கொடுத்து முடுக்கி, பிறகு அலகை உருவுங்கள். மிஞ்சிய கால்களை ஒட்ட வெட்ட வேண்டும். ஒரு மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தாலும் மூடியில் தொட்டு ஷோர்ட் ஆகும். 0.4 மி.மீ. காந்தல் மீற்றருக்கு 11 ஓம் சொச்சம் காட்டும். சுற்றில் போனதும் காலில் போனதுமாக ஏழரை செ.மீ. என்றால் 0.8 ஓம் வரும். 10 மீற்றர் சுருள் ஒன்றில் இப்படி 80 கொயில் கட்டலாம். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ஐத் தொட்ட காலத்தில் கடைக் கொயில் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்ன 26 கேஜ் அமெரிக்க அளவு, 0.405 மி.மீ. நம் ஊர் ஹார்ட்வெயார் கடைகளில் கேஜ் என்றால் பழைய பிரிட்டிஷ் அளவாக இருக்கலாம். அதில் 26 என்றால் 0.457 மி.மீ. அதே ஆறு சுற்றுக்கு 0.65 ஓம் பக்கம்தான் வரும். இன்டர்நெட்டில் உள்ள கணிப்பான்கள் அமெரிக்க அளவை வைத்தே கணக்குப் போடும். ஆகவே கேஜ் எண்ணை நம்பாமல் மி.மீ. கேட்டு வாங்குங்கள்.

ஓம் அளப்பதிலும் சாதாரண மல்டிமீற்றரை நம்ப வேண்டாம். அதன் வயர்களுக்கே 0.3, 0.4 ஓம் இருக்கும். 50 ஓம் ஹீட்டரை அளக்கும்போது அது கணக்கில் வராது. 0.8 ஓம் கொயிலில் அதுவே பாதி. இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்து, அதைக் கழிக்கலாம், ஆனாலும் துல்லியம் போதாது. மோட் (பெட்டரி உள்ள கைப்பிடிப் பகுதி) காட்டும் எண், அல்லது இதற்கென்றே உள்ள ஓம் மீற்றர், அவைதான் சரி.

பஞ்சு போடுவதற்கு முன்னால் 12, 15 வொட்டில் விட்டு விட்டு ஒரு விநாடி அழுத்திப் பாருங்கள். கொயில் நடுவில் முதலில் சிவந்து, அந்தச் சிவப்பு இருபுறமும் ஒரே அளவில் பரவ வேண்டும். ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு சிவந்தால் அங்கே சுற்றுகள் சரியாகத் தொடவில்லை. பீங்கான் முனையுள்ள இடுக்கியால் மெல்லப் பிடித்து அழுத்தியும், வருடியும் விடுங்கள், இரண்டு மூன்று முறையில் சமமாகிவிடும். இரும்பு இடுக்கியாக இருந்தால் அழுத்தும்போது பட்டனில் கை வைக்கவே கூடாது. கால்கள் சிவந்தால் திருகாணி தளர்ந்திருக்கிறது. ஆறவிட்டு ஓம் எண்ணை மறுபடி பாருங்கள். எண் தாவிக்கொண்டே இருந்தால் அதுவும் திருகாணி வேலைதான்.

ஹொட் பிளேட் கம்பிக்கு வருகிறேன். 230 வோல்ட்டில் 1000 வொட் எடுக்கும் ஸ்பிரிங்குக்கு மொத்தம் 53 ஓம். அதில் ஒரு துண்டு வெட்டினால் கணக்குப்படி நமக்கு வேண்டிய ஓம் வரத்தான் செய்யும். அதனால்தான் இந்த யோசனை பலருக்கும் வருகிறது. என் மேசையில் அந்த ஸ்பிரிங் எப்போதும் கிடக்கும், ஆனாலும் இதற்கு எடுத்துக் கொடுக்க மாட்டேன். அது நிக்ரோமா, காந்தல் ரகமா, மலிவான வேறு எதுவுமா என்று பெட்டியில் எழுதியிருப்பதில்லை. புதியதில் தயாரிப்பு எண்ணெய் இருக்கும். பழையதில் பொங்கி வழிந்த பாலும் குழம்பும் எரிந்து ஒட்டியிருக்கும், கம்பி செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில் அடுப்பில் விழுந்தால் ஒன்றுமில்லை. இங்கே அது நேரே நெஞ்சுக்குள் போகும். கட்டுக்கம்பி, முள்கம்பித் துண்டு எல்லாம் அதைவிட மோசம். அவற்றின் மேல் துத்தநாகப் பூச்சு உண்டு, சூடானால் அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். செப்புக் கம்பியில் தடை மிக மிகக் குறைவு, போட்டவுடன் ஷோர்ட்.

பெட்டரி விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. 18650 என்பது 18 மி.மீ. குறுக்களவும் 65 மி.மீ. நீளமும் உள்ள லிதியம் செல். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். ஓமின் விதி பாடசாலையில் படித்ததுதான்: வோல்ட்டை ஓமால் பிரித்தால் அம்பியர். 1 ஓம் கொயிலுக்கு 4.2 அம்பியர். 0.8 க்கு 5.25. அரை ஓமுக்கு 8.4. 0.2 ஓமுக்கு 21 அம்பியர். லெப்டொப்புக்குள் இருக்கும் செல்கள் மணிக்கணக்கில் மெதுவாகக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. பொதுவாக 5 அம்பியர் பக்கத்தோடு அவற்றின் எல்லை முடிந்துவிடும். அரை ஓம் கொயிலை அதில் மாட்டுவது அந்த எல்லையைத் தெரிந்துகொண்டே தாண்டுவது. அதுவும் நாலைந்து வருடம் லெப்டொப்பில் வெந்து, களைத்துப்போன செல். உள்ளே சூடேறி ஒரு கட்டம் தாண்டினால் அதை நிறுத்த வழியில்லை, வாயுவும் தீயும் பீறிட்டு வரும்.

இந்த வேலைக்கு அதிக அம்பியர் கொடுக்கும் செல் வேண்டும். சம்சுங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 போன்றவை தொடர்ச்சியாக 20 அம்பியர் கொடுக்கக் கூடியவை. செல்லை மட்டும் தனியாக வாங்கி இதில் போடுவதை அந்தக் கம்பனிகளே விரும்புவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், பாதுகாப்புச் சுற்றோடு பெட்டிக்குள் போவதற்கே அவை செய்யப்படுகின்றன. போலிச் சரக்கும் ஏராளம். 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்த 18650 ஐக் கண்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நல்ல கம்பனிச் செல்லே 3500 ஐச் சுற்றித்தான் நிற்கிறது.

உங்களிடம் இருப்பது வொட் கூட்டிக் குறைக்கும் மோட் என்றால் கணக்கு வேறு. அங்கே கொயிலின் ஓமை விட வொட்தான் முக்கியம். 40 வொட் வைத்தால், செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கிய நேரத்தில், உள்ளே வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 14 அம்பியர் இழுக்கும். செல் இறங்க இறங்க இழுப்பு கூடும் என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. எந்தப் பாதுகாப்புச் சுற்றும் இல்லாத வெறும் குழாய் மோட்களைப் பற்றி நான் சொல்லித்தர மாட்டேன். இந்தப் பதிலை வாசித்துக் கற்கிறவருக்கு அது தேவையில்லை.

செல்லின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையை உற்றுப் பாருங்கள். அந்த உறைக்குக் கீழே உள்ள உலோக உடம்பு முழுவதும் நெகட்டிவ். மேல் விளிம்பில் பொசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையில் ஒரு கடதாசி வளையம் மட்டுமே இருக்கும். அங்கே உறை நகத்தளவு கிழிந்திருந்தாலும் பாவிக்கக் கூடாது, புது உறை போட வேண்டும். தனிச் செல்லைச் சில்லறைக் காசோடும் சாவியோடும் பொக்கெட்டில் போடாதீர்கள். செல் வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குவது பெரிய செலவில்லை. சித்திரை மாதமும் ஐப்பசி, கார்த்திகையும் பின்னேரம் இடி விழும் காலம். வானம் இருண்டதும் சார்ஜரைப் பிளக்கில் இருந்து கழற்றுங்கள். லயத்து அறைகளில் படுக்கையும் பிளக்கும் ஒரே மூலையில்தான் இருக்கும், தெரியும். ஆனாலும் கம்பளிக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது வேண்டாம். ஜூஸ் போத்தலும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி இருக்க வேண்டும். நிக்கொட்டின் தோலாலும் உள்ளே போகும், குடித்துவிட்டால் ஆபத்து. கையில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடைக் கொயிலையே பிரித்துக் கட்டலாமா என்று வேறொருவரும் கேட்டிருந்தார். அடியில் ரப்பர் வளையமும் அதற்குள் ஒரு சின்ன ஊசியும் உள்ள பழைய ரகமென்றால் முடியும். ஊசியை இழுத்து, ரப்பரை எடுத்து, புதுக் கொயிலின் ஒரு காலை ரப்பருக்கு உள்ளேயும் மற்றதை வெளியேயும் விட்டு மறுபடி அழுத்த வேண்டும். வலைத் தகடு வைத்த இப்போதைய கொயில்களிலும் பொட்களிலும் (கொயிலோடு சேர்ந்தே வரும் சின்ன ஜூஸ் கூடுகள்) அந்த வேலை வீண்.

கட்டிய கொயில் எத்தனை நாள் வரும் என்பது ஜூஸின் இனிப்பைப் பொறுத்தது. சுக்ரலோஸ் போட்ட இனிப்பு ஜூஸ் கம்பியில் கரி பிடிக்க வைக்கும். ருசி மங்கினால் பஞ்சை எடுத்து எறிந்து, வெறும் கொயிலை விட்டு விட்டுச் சிவக்க வைத்து, ஆறியபின் தண்ணீரில் மெல்லத் தேய்த்து, புதுப் பஞ்சு போடலாம். கம்பியில் பள்ளம் விழுந்தாலோ ஓம் எண் மாறினாலோ கம்பியையும் மாற்றிவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. சளிக்கு நல்லது என்று ஜூஸில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விடும் பழக்கம் நம் பக்கம் சிலரிடம் பார்த்தேன். கிராம்புத் தைலம் விடுகிறவர்களும் உண்டு. எண்ணெய் எதையும் விடாதீர்கள். தைலத்தைச் சுடுதண்ணீரில் விட்டு ஆவி பிடிப்பது வேறு. கொயிலில் போகும் எண்ணெய் நுரையீரலுக்குள் படிந்தால் அதை வெளியேற்ற உடம்பால் லேசில் முடியாது. 2019 இல் அமெரிக்காவில் நிறையப் பேர் நுரையீரல் கோளாறோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களில் பலர் இழுத்த கஞ்சாச் சரக்கில் கலந்திருந்த விட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளைத்தான் மருத்துவர்கள் முக்கிய காரணமாகக் கண்டார்கள்.

தம்பி, அடுத்த லீவில் வால்களை மெலியவிட்டு, பாதிக்குப் பாதி ஜூஸ் ஊற்றி, 18 வொட்டில் தொடங்கிப் பாருங்கள். அப்புறமும் கருகினால் மோட் காட்டும் ஓம், நீங்கள் வைத்த வொட், போத்தலில் உள்ள விஜி சதவீதம், இந்த மூன்றையும் எழுதுங்கள். வெறுமனே ‘கருகுது அண்ணா’ என்று எழுதினால் என்னாலும் ஊகிக்கத்தான் முடியும்.